'ரத்தத்திலேயே இருக்கு' என்று பாராட்டுகிறவர்களுக்கு

முப்பத்தி நான்கு வயதில் கிட்டார் கற்றுக்கொள்ளப் போனேன். நண்பர் ஒருவரிடம் மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கிய பழைய கிட்டார். முதல் நாளே ஆசிரியர் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப உங்களுக்கு ஈஸிங்க. உங்க ஆளுங்களுக்குத் தாளம் ரத்தத்திலேயே இருக்குமே!" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. மனதாரத்தான் பாராட்டினார். ஆனால் அடுத்த மூன்று மாதம் எஃப் கார்ட் பிடிக்க முடியாமல் நான் பட்ட பாட்டில் என் ரத்தம் ஒரு உதவியும் செய்யவில்லை. விரல் நுனி கொப்பளித்து, உரிந்து, காய்த்துப்போனதுதான் மிச்சம். எங்கள் வீட்டில் யாரும் எந்த வாத்தியமும் வாசித்தவர்கள் இல்லை. அப்பா சென்ட்ரிங் வேலை முடித்து வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். அவர் தாளம் போட்டு நான் பார்த்ததே இல்லை.

அதே வகுப்பில் சின்ன வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் படித்த ஒரு கல்லூரிப் பையனும் இருந்தான். அவன் ஒரு பாடத்தைச் சரியாக வாசித்தால் ஆசிரியர், "நல்லா பிராக்டிஸ் பண்ணியிருக்கே" என்பார். நான் சரியாக வாசித்தால், "பாத்தீங்களா, நான்தான் சொன்னேன்ல" என்பார். அவன் வாசித்தது அவன் உழைப்பு. நான் வாசித்தது என் சாதியின் குணம். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் மொட்டை மாடியில் உட்கார்ந்து நான் பண்ணிய பிராக்டிஸ் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

நான் கற்க ஆசைப்பட்டது ஜாஸ். எம்.ஏ. சமூகவியல் படித்தபோது அமெரிக்க இனஒதுக்கல் பற்றிய பாடத்துக்கு நடுவே ஒரு தோழர் பென்டிரைவில் கொடுத்த இசை அது. பத்து வருடம் கேட்டுக்கொண்டே இருந்தேன், பிறகுதான் துணிவு வந்தது. ஜாஸின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, என் ஆசிரியர் சொன்ன அதே வாக்கியம் அங்கே நூறு வருடமாகச் சொல்லப்பட்டுவருவது தெரிந்தது.

பாராட்டுக்குள் இருக்கும் பறிமுதல்

ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை. ஆனால் முதல் ஜாஸ் இசைத்தட்டு என்று 1917இல் வெளிவந்தது ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற வெள்ளையர் குழுவினுடையது. அந்தக் குழுவின் நிக் லாராக்கா பிற்காலத்தில் ஜாஸை உருவாக்கியதே வெள்ளையர்கள்தான் என்று வாதாடினார். 1930இல் 'கிங் ஆஃப் ஜாஸ்' என்று ஒரு ஹாலிவுட் படம் வந்தது. அந்த 'ராஜா' பால் ஒயிட்மேன் என்ற வெள்ளை இசைக்குழுத் தலைவர்.

இது வெளிப்படையான திருட்டு. அடையாளம் காண்பது எளிது. இன்னொரு வகை இருக்கிறது, அது அன்போடு வரும். யூக் பனாசியே என்ற பிரெஞ்சு விமர்சகர் கறுப்பர்களின் ஜாஸை உயிராக நேசித்தவர். அது கறுப்பர்களின் கலை என்று அடித்துச் சொன்னவர். அவரே 1942இல் வெளியான 'தி ரியல் ஜாஸ்' நூலில், நாகரிக மனிதனைவிட ஆதி மனிதனுக்கே இசைத் திறமை அதிகம், படிப்பும் பண்பாடும் மிகுந்தால் அந்த ஊற்று வற்றிவிடும் என்ற பொருளில் எழுதினார். அதாவது, நீங்கள் யோசிக்காததால்தான் நன்றாக வாசிக்கிறீர்கள்!

முதலாமவர் இசையை எடுத்துக்கொள்கிறார். இரண்டாமவர் இசையை உங்களிடமே விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் அறிவை எடுத்துக்கொள்கிறார். மேடையில் ஒரு பாகவதர் அந்த நொடியில் கற்பனை செய்து ராகம் பாடினால் அதற்கு 'மனோதர்மம்' என்று பெயர், ஞானம் என்று மரியாதை. பறை அடிப்பவர் அதே நொடியில் புதிதாக ஒரு அடி வைத்தால் அது 'ரத்தம்'. இரண்டும் ஒரே செயல்தானே? பெயர் ஏன் மாறுகிறது?

ராத்திரிகளின் கணக்கு

சார்லி கிறிஸ்டியனை எடுத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரை ஜாஸில் முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர். 1916இல் டெக்சஸில் பிறந்து ஓக்லஹோமா சிட்டியில் வளர்ந்தார். அப்பா பார்வை இழந்த இசைக்கலைஞர். பிள்ளைகள் அவரை அழைத்துக்கொண்டு வசதியான வெள்ளையர் தெருக்களில் வாசித்துக் காசு சேர்ப்பார்கள். அதே ஊரில் வளர்ந்த எழுத்தாளர் ரால்ஃப் எலிசன், பள்ளிக் கைத்தொழில் வகுப்பில் சார்லி சுருட்டுப் பெட்டியில் கிட்டார் செய்து வாசித்ததை நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு 'பார், குடும்பத்திலேயே இருந்திருக்கிறது' என்று சிலர் சொல்வார்கள். ஆமாம், இருந்தது. ரத்தமாக இல்லை, பள்ளிக்கூடமாக இருந்தது. அப்பா பாட, பிள்ளை பின்னால் வாசித்துப் பழகுவது ஒரு பாடத்திட்டம். அதற்குச் சான்றிதழ் கிடையாது, அவ்வளவுதான்.

1939இல் பென்னி குட்மேனின் குழுவில் சேர்ந்தார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிப்பதே அபூர்வமாக இருந்த காலம். சேர்ந்து வாசித்துவிட்டு இறங்கினால், பல ஊர்களில் கறுப்பருக்கு அதே ஹோட்டலில் அறை கிடையாது. நியூயார்க்கில் இருக்கும்போது, வேலை முடிந்த பிறகு ஹார்லெமில் இருந்த மின்டன்ஸ் பிளேஹவுஸுக்குப் போவார். தெலோனியஸ் மங்க், கென்னி கிளார்க் போன்றவர்களோடு விடியும்வரை வாசிப்பு. கார்ட் வரிசையை வேண்டுமென்றே சிக்கலாக்கி, ஒருவரை ஒருவர் சோதித்து, புதிய வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். 1941இல் ஜெர்ரி நியூமேன் என்ற மாணவர் அங்கே பதிவு செய்தவை இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. பீபாப் என்ற இசை உருவான ஆய்வுக்கூடங்களில் ஒன்று அது.

1942 மார்ச்சில் காசநோயில் சார்லி கிறிஸ்டியன் இறந்தபோது அவருக்கு வயது 25. காசநோய் யாரைத் தேடிப் போகும் என்பது கிராமங்களில் வேலை செய்யும் நமக்குத் தெரியும்.

சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரைப் பற்றியும் இதே 'பிறவி மேதை' கதைதான் சொல்வார்கள். அவரே 1954இல் ஒரு வானொலி நேர்காணலில், மூன்று நான்கு ஆண்டுகள் தினமும் 11 மணி நேரத்துக்குக் குறையாமல் பயிற்சி செய்ததாகச் சொன்னார். பதின்ம வயதில் ஒரு ஜாம் மேடையில் சொதப்பி அவமானப்பட்டு இறங்கியவர் அவர். அதன் பிறகு லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைப் போட்டுப் போட்டு ஒவ்வொரு சோலோவையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்தார்.

இண்டியானாபொலிஸின் வெஸ் மான்ட்கோமரி இருபது வயதையொட்டித்தான் இதில் தீவிரமாக இறங்கினார். காரணம், சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டு. நோட்டேஷன் படிக்கத் தெரியாது. தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு அந்த சோலோக்களை அப்படியே விரலில் ஏற்றினார். முதலில் கிடைத்த மேடையும் அவற்றை வாசித்துக் காட்டித்தான். பெரிய குடும்பம். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் ஒரு கிளப், அது மூடியதும் விடியற்காலைவரை இன்னொரு கிளப். பிக் வைத்து மீட்டினால் சத்தம் அதிகம் என்று வீட்டில் புகார் வந்ததால் கட்டைவிரலால் மீட்டத் தொடங்கினார் என்பார்கள். இன்று உலகம் முழுக்க மாணவர்கள் படியெடுக்கும் 'வெஸ் சவுண்டு' அந்தக் கட்டைவிரல்தான். 1960இல் அவருடைய 'தி இன்கிரெடிபிள் ஜாஸ் கிட்டார் ஆஃப் வெஸ் மான்ட்கோமரி' வெளிவந்தபோது வயது 37. 1968இல் 45 வயதில் மாரடைப்பில் இறந்துபோனார்.

இந்தக் காலம் முழுக்க அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்திலேயே பல நகரங்களில் வெள்ளையருக்கு ஒரு கிளை, கறுப்பருக்கு ஒரு கிளை. லாஸ் ஏஞ்சலிஸில் அவை ஒன்றானது 1953இல். சிகாகோவில் 1966இல். தொழிலாளி என்று சங்கத்திலேயே சமமாக ஏற்காதவர்களைத்தான் 'பிறவிக் கலைஞர்கள்' என்று கொண்டாடினார்கள். உழைப்பை ஒத்துக்கொண்டால் கூலியையும் பேச வேண்டி வரும் அல்லவா?

விரலில் என்ன நடக்கிறது?

இசை தெரியாத தோழர்களும் பொறுமையாகப் படியுங்கள். இந்தப் பகுதிதான் என் வாதத்துக்குச் சாட்சி.

கார்ட் என்பது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு. ஒரு பாட்டுக்குக் கீழே இந்தக் கூட்டுகள் வரிசையாக மாறிக்கொண்டே போகும். அந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு அந்த நொடியில் புதிய மெட்டு கட்டுவதுதான் இம்ப்ரொவைசேஷன். அப்போது பின்னால் இருந்து கார்ட் வாசித்து அவரைத் தாங்குவதற்கு காம்பிங் என்று பெயர். நம் மொழியில் பக்கவாத்தியம்.

ஜாஸில் அடிக்கடி வரும் ஒரு மூன்று கார்ட் வரிசை: டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். முதலாவதில் டி, எஃப், ஏ, சி என்று நான்கு சுரம். இரண்டாவதில் ஜி, பி, டி, எஃப். மூன்றாவதில் சி, ஈ, ஜி, பி. தொடக்கத்தில் நானும் எல்லாச் சுரத்தையும் ஆறு கம்பியிலும் நிரப்பி வாசித்தேன். டிராஃபிக் ஜாம் மாதிரி இருந்தது.

பிறகுதான் புரிந்தது. அடிச்சுரத்தை பேஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். கார்டின் குணத்தைச் சொல்வது மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும்தான். முதல் கார்டில் அவை எஃப், சி. இரண்டாவதில் எஃப், பி. மூன்றாவதில் ஈ, பி. கிட்டாரில் நான்காம் கம்பியிலும் மூன்றாம் கம்பியிலும் பிடித்துப் பாருங்கள். முதலில் 3, 5ஆம் ஃப்ரெட். அடுத்து 3, 4. அதற்கடுத்து 2, 4. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விரல், ஒரே ஒரு ஃப்ரெட் நகர்கிறது. அவ்வளவில் இசை முழுவதும் நகர்ந்துவிடுகிறது.

இப்போது மெட்டு கட்டுகிறவர் பக்கம் வாருங்கள். அவர் முதல் கார்டின் மேல் சி என்ற சுரத்தில் நின்று, ஜி செவன் வரும் நொடியில் பி-க்கு இறங்கினால் போதும். பின்னால் யாரும் வாசிக்காவிட்டாலும் கார்ட் மாறியது நம் காதுக்குக் கேட்கும். பக்கவாத்தியக்காரர் விரலில் இருக்கும் அதே வழித்தடம்தான் சோலோ வாசிப்பவர் மனதிலும் ஓடுகிறது. கார்ட் பின்னணியை ஒழுங்காகக் கற்காமல் சோலோ வாசிக்க முடியாமல் போவது இதனால்தான். நான் ஒரு வருடம் வெறும் ஸ்கேல்களை மேலும் கீழும் ஓட்டிவிட்டு, 'எனக்கு வராது' என்று கிட்டாரை மூலையில் வைத்ததும் இதனால்தான். எனக்கு இல்லாமல் இருந்தது இந்த ஒரு பாடம், திறமை கிடையாது.

சொல்லுங்கள், இதில் எந்த இடத்தில் ரத்தம் வருகிறது? இது கணக்கு, நினைவாற்றல், கேட்கும் பயிற்சி. பனாசியே 'ஆதி மனிதனின் ஊற்று' என்று எழுதிய அதே காலத்தில் ஹார்லெமில் நடந்துகொண்டிருந்தது இந்த ஆராய்ச்சிதான்.

பின்னால் உட்கார்ந்திருப்பவர்

கவுண்ட் பேஸியின் குழுவில் ஃப்ரெடி கிரீன் 1937இல் சேர்ந்தார். 1987இல் இறக்கும்வரை ஏறத்தாழ 50 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். சோலோ வாசித்தது மிக மிக அபூர்வம். ஆம்ப்ளிஃபையர் இல்லாத கிட்டாரில், சுற்றுக்கு நான்கு தட்டு. மூன்று சுரம், சில நேரம் ஒரே ஒரு சுரம். பெரிய வாத்தியக் குழுவில் அவர் வாசிப்பது தனியாகக் கேட்காது. ஆனால் அவர் நிறுத்தினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ஐரோப்பாவில் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். ரோமா மக்களில் மனூஷ் பிரிவைச் சேர்ந்தவர். அந்த மக்களை ஐரோப்பா எப்படி நடத்தியது, நாஜிகள் என்ன செய்தார்கள் என்பதைத் தனியாகப் படியுங்கள். 1928இல் அவர் வசித்த வண்டிவீடு தீப்பிடித்ததில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கின. மீதி விரல்களுக்கு ஏற்ப எல்லாவற்றையும் புதிதாகக் கற்று, 1934இல் பாரிஸில் தொடங்கிய குழுவில் உலகம் திரும்பிப் பார்க்க வாசித்தார். அந்தக் குழுவில் டிரம்ஸ் கிடையாது. இரண்டு கிட்டார்கள் 'லா பொம்ப்' என்ற தாள அடியைப் பின்னால் போட்டன. இன்றும் மனூஷ் குடும்பங்களில் பிள்ளைகள் முதலில் கற்பது அந்த அடியைத்தான். மாமனுக்கும் அண்ணனுக்கும் பின்னால் வருடக்கணக்கில் தாளம் போட்ட பிறகே சோலோ.

இதில் நமக்கு ஒரு அரசியல் பாடமும் இருக்கிறது. நம் இயக்கங்களில் மைக் பிடிப்பவர் ஒருவர். நாற்காலி போடுவதும் நோட்டீஸ் ஒட்டுவதும் டீ வாங்குவதும் இன்னொருவர், பல நேரம் பெண் தோழர்கள். அவர்களுக்குக் கடைசிவரை மைக் வராது. நல்ல ஜாஸ் குழுவில் அப்படி இல்லை. சாக்ஸபோன் முடித்ததும் கிட்டார் சோலோ வாசிக்கும். பிறகு கிட்டார் பின்னால் போய், அடுத்தவரைத் தாங்கும். தாங்கத் தெரியாதவர் எவ்வளவு வேகமாக வாசித்தாலும் அடுத்த வாரம் அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஃப்ரெடி கிரீன் விரும்பிப் பின்னால் இருந்தார். விரும்பாமல் அங்கே உட்கார வைக்கப்பட்டவர்களைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

இது இப்போது தேவையா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். மலக்குழியில் மனிதர்கள் சாகிறார்கள், நீங்கள் கிட்டார் கற்கச் சொல்கிறீர்களா என்று ஒரு தம்பி நேரிலேயே கேட்டார். நியாயமான கோபம்.

என் பதில் இது. தனக்கு வராது என்று சிறுவயதிலேயே நம்ப வைக்கப்பட்ட பிள்ளைகளோடு பத்து வருடமாக வேலை செய்கிறேன். கணக்கு வராது, இங்கிலீஷ் வராது. வருவதெல்லாம் ஆட்டம், பாட்டு, அடிதடி. அதுவும் 'பிறவியிலேயே' வருவது! 'உனக்கு வராது' என்பதும் 'உனக்குப் பிறவியிலேயே வரும்' என்பதும் ஒரே நாணயம்தான். இரண்டுமே பிறப்பைப் பார்த்துத் தீர்ப்பு சொல்கின்றன. ஒரு கடினமான விஷயத்தைத் தொடக்கத்திலிருந்து கற்று, தப்பு செய்து, திருத்தி, ஒருநாள் வாசித்துவிடுகிற பிள்ளைக்கு அந்தத் தீர்ப்பு பொய் என்று தெரிந்துவிடும். யாரும் மேடை போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். இன்று ஜாஸ் பெரிய கல்லூரிகளில் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிக்கப்படும் பாடமாகிவிட்டது. நட்சத்திர ஹோட்டல் பின்னணி இசையாகவும் ஆகிவிட்டது. ஆனால் அதை உருவாக்கியவர்கள் கற்ற முறைக்குக் காசு அதிகம் தேவையில்லை. ஒரு சோலோவில் நான்கு சுற்றை மட்டும் எடுங்கள். வாயால் பாட வரும்வரை கேளுங்கள். பாட வந்த பிறகு கம்பியில் தேடுங்கள். அதன் கீழே என்ன கார்ட் ஓடுகிறது என்று கண்டுபிடியுங்கள். பிறகு இன்னொருவருக்குப் பின்னால் அந்தக் கார்டுகளை வாசியுங்கள். யூடியூப் போதும். வெஸ்ஸுக்கு அதுவும் இல்லை.

எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் இப்போது இரண்டு கிட்டார், ஒன்பது பிள்ளைகள். ப்ளூஸின் பன்னிரண்டு சுற்றுதான் பாடம், சுற்றுக்கு நான்கு தட்டு. நான்கு சுற்று ஏ செவன், இரண்டு டி செவன், மறுபடி இரண்டு ஏ செவன், ஈ செவன் ஒன்று, டி செவன் ஒன்று, கடைசியில் இரண்டு ஏ செவன். ஒருவர் கார்ட் போட, ஒருவர் மெட்டு கட்ட வேண்டும். பன்னிரண்டு சுற்று முடிந்ததும் இடம் மாற வேண்டும். மாற மறுத்தால் கிட்டார் அடுத்தவருக்குப் போய்விடும். மற்ற ஏழு பேரும் கைதட்டித் தாளம் பிடிக்க வேண்டும். அதுவும் பாடம்தான்.

போன மாதம் படிப்பகத்துக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்க வந்த ஒரு பெரியவர், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாசிப்பதைப் பார்த்து அசந்துபோனார். "அடடா, இதெல்லாம் இந்தப் பிள்ளைங்களுக்குப் பிறவியிலேயே வருது பாருங்க" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

"இல்ல சார். நாலு மாசமா பிராக்டிஸ் பண்றேன். இன்னும் ஈ செவன்ல தப்பு வருது."

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எந்த இடத்துல?" என்று கேட்டார். அவள் வாசித்துக் காட்டினாள்.

கிட்டார் வாசிக்கத் தெரிந்த தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்துக்கு வாருங்கள். சோலோ வாசிக்க ஒன்பது பேர் இருக்கிறார்கள். பின்னால் கார்ட் போடத்தான் ஆள் குறைகிறது.